காது இரைச்சல் புதிதாக வந்திருக்கிறதா? என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது

காதுக்குள் ‘ஙொய்ங்’ என்றோ சில்வண்டு கத்துவது மாதிரியோ ஒரு சத்தம் ஆரம்பித்து, பக்கத்தில் இருப்பவரிடம் “உங்களுக்குக் கேட்குதா?” என்று கேட்டு, அவர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார் என்றால், இது உங்களுக்காக எழுதியதுதான். டாக்டர்கள் டின்னிடஸ் என்பார்கள், நாம் காது இரைச்சல் என்கிறோம். எனக்குச் சில வருடங்களாக இருக்கிறது, இடது காதில் கொஞ்சம் தூக்கல். நான் மருத்துவன் இல்லை. ஆனால் இதோடு குடித்தனம் நடத்தியதில் எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம், எதற்குக் காசை அழக்கூடாது என்று ஓரளவு தெரியும். அதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. இந்தக் காதுக்கு இரண்டு விஷயம் ஆகாது, ஒன்று பெரிய சத்தம், இன்னொன்று நிசப்தம். பெரும்பாலானவர்கள் முதலாவதுக்குப் பயந்துகொண்டு நேராக இரண்டாவதில் போய் விழுகிறார்கள்.

முதல் வேலை: அவசரமா இல்லையா என்று பாருங்கள்

காலையில் எழுந்தபோது ஒரு காது அடைத்த மாதிரி இருக்கிறது, கூடவே இரைச்சல், போனை அந்தக் காதில் வைத்தால் சரியாகக் கேட்கவில்லை என்றால் சளி, தண்ணீர் போயிருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள். திடீர்க் கேள்வி இழப்பு, அதாவது காது திடீரென்று கேட்காமல் போவது, என்று ஒன்று உண்டு, அதற்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள், முதல் இரண்டு வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலனுக்கு வாய்ப்பு, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதீர்கள்.

அப்புறம், சத்தம் நாடித்துடிப்போடு சேர்ந்து ‘டுப் டுப்’ என்று வருகிறதா என்று கவனியுங்கள். மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்படி வந்தால் ரத்த அழுத்தம், ரத்தசோகை, ரத்தக்குழாய்ப் பிரச்சினை என்று தேட வேண்டிய இடங்கள் வேறு, ஸ்கேனும் தேவைப்படலாம். ஒரே காதில் மட்டும் விடாமல் இருந்தாலும் பெரும்பாலும் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள், கேள்வி நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்வதற்காக. மிகப் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இருக்காது, இருந்தாலும் அது பொதுவாகப் புற்றுநோய் வகை இல்லை, ஆகவே எம்ஆர்ஐ என்றதும் பதற வேண்டாம். தலைசுற்றலும் காது அடைப்பும் சேர்ந்து வந்து வந்து போவது, காதில் சீழ், தலையில் அடிபட்ட பிறகு ஆரம்பித்தது, இவையும் தள்ளிப்போடக் கூடாதவை. வாய் ஒரு பக்கம் கோணினால் நேராக ஆஸ்பத்திரிதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் சில வாரங்களில் தூக்கம் கெட்டு, ‘இதோடு வாழவே முடியாது’ என்ற நினைப்பு வருவது நிறையப் பேருக்கு நடக்கிறது. அப்படி வந்தால் வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், இல்லை அரசின் மனநல உதவி அழைப்பான டெலிமானஸ் எண் 14416-க்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். முதல் மாதங்களில் இருக்கிற தீவிரம் அப்படியே நிலைத்துவிடுவதில்லை, பெரும்பாலானவர்களுக்குப் போகப்போகக் குறைகிறது.

அடுத்து: காதுக்குள் எட்டிப்பார்க்க ஆளைக் கூப்பிடுங்கள், நீங்கள் நோண்டாதீர்கள்

சில பேருக்கு மொத்தப் பிரச்சினையும் இறுகிப்போன குறும்பியாகவே இருக்கும், எடுத்ததும் இரைச்சலும் போய்விடும். அந்தப் பாக்கியசாலிகளில் ஒருவராக நீங்கள் இருக்கலாம். ஆனால் பட்ஸ், ஊக்கு, ஹேர்பின், சாவி எதையும் உள்ளே விடாதீர்கள், அது குறும்பியைத் தள்ளித் தள்ளிச் செவிப்பறைக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் என்று ஒரு பெரியம்மாவோ அத்தையோ கட்டாயம் கிண்ணத்தோடு வருவார். அன்பாக மறுத்துவிடுங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்து அது உங்களுக்கே தெரியாமல் இருந்தால் அந்த எண்ணெய் நடுக்காதுக்குள் போய் வேறு வம்பை இழுத்துவிடும்.

டாக்டரிடம் ஒன்றைச் சொல்லுங்கள். குறும்பியைச் சின்னக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கும் முறை காதுக்கு மிக அருகில் நடப்பதால் கணிசமான சத்தம் போடும். ‘எனக்கு இரைச்சல் இருக்கிறது, சத்தம் தாங்கவில்லை’ என்று முன்கூட்டியே சொன்னால் கொக்கி மாதிரியான கருவியால் எடுக்கலாம், சொட்டு மருந்து போட்டு ஊறவைத்துவிட்டு எடுக்கலாம், நடுவில் நிறுத்தி நிறுத்தி உறிஞ்சலாம். நாம் வாயைத் திறக்காவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

சாப்பிடுகிற மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துப்போங்கள். அதிக அளவு ஆஸ்பிரின், குயினைன், ஃபுரோசமைடு போன்ற நீர் பிரியும் மருந்து, ஜென்டாமைசின், அமிக்காசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள், புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் எல்லாம் காதைத் தொடக்கூடியவை. அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், காச நோய்க்கோ இதயத்துக்கோ சாப்பிடுவதை நிறுத்தினால் காதைவிடப் பெரிய விஷயம் போய்விடும். எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

ஆடியோகிராம்

காது கேட்கும் சோதனை. சின்ன அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்தச் சொல்வார்கள். வழக்கமாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை பார்ப்பார்கள் (ஹெர்ட்ஸ் என்பது சுருதியின் அளவு, எண் கூடினால் சுருதி கூடும்). வரைபடத்தில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கோடு கீழே இறங்க இறங்க கேள்வி குறைவு. 4000 ஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் ஒரு பள்ளம் விழுந்திருந்தால் அது பெரும்பாலும் சத்தத்தால் வந்த சேதத்தின் அடையாளம். விசைத்தறி ஓட்டுபவர்கள், தவில் வாசிப்பவர்கள், லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் பலருடைய காகிதத்திலும் இதே பள்ளத்தைப் பார்க்கலாம்.

நம் ஆட்களுக்கு இந்தச் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. அந்த அறையின் அமைதியில் நம் இரைச்சல் தலைதூக்கி நிற்கும், வருவது மிஷின் சத்தமா உள்சத்தமா என்று குழம்பும். ஒரே நீட்டாக வரும் ஒலிக்குப் பதிலாக விட்டு விட்டு ‘பீப் பீப்’ என்று வருகிற ஒலியை வைக்கச் சொல்லிக் கேளுங்கள், காது கேட்பதைச் சோதிக்கும் நிபுணர்களான ஆடியாலஜிஸ்டுகளுக்குத் தெரிந்த ஏற்பாடுதான். அதேபோல நடுக்காதின் அனிச்சைச் செயலைப் பார்க்கும் சோதனையில் கொஞ்சம் பலத்த ஒலி வைப்பார்கள். சத்தம் கேட்டாலே காது கூசுகிறது என்றால் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

எங்கே எடுப்பது? அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே எடுப்பார்கள், கூட்டம் இருக்கும், ஆனால் விற்பனை நெருக்கடி கிடையாது. காது மிஷின் கடைகளில் ‘இலவசப் பரிசோதனை’ போர்டு தொங்கும், அது எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும். எங்கே போனாலும் சோதிப்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த ஆடியாலஜிஸ்டா என்று கேட்கலாம், கேட்பதில் தப்பே இல்லை. காகிதத்தை வாங்கி ஃபைலில் போட்டுவையுங்கள், பிற்பாடு ஒப்பிட அது ஒன்றுதான் ஆதாரம்.

‘எல்லாம் நார்மல்’ என்று வந்தால்? சத்தம் உங்கள் கற்பனை என்று அர்த்தம் இல்லை. 2009-இல் குஜாவா, லிபர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளை வைத்துக் காட்டினார்கள்: பலத்த சத்தத்துக்குப் பிறகு கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பிய பின்னும், உள்காதுச் செல்களுக்கும் நரம்புக்கும் நடுவில் இருக்கும் இணைப்புகளில் கணிசமானவை அறுந்தே கிடந்தன. வழக்கமான ஆடியோகிராமில் அது தெரியாது.

சத்தம் எங்கிருந்துதான் வருகிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போகும், அதனால்தான் சொல்கிறேன். உள்காதில் நத்தைக்கூடு மாதிரி சுருண்ட ஒரு பகுதி, அதில் ஒவ்வொரு காதுக்கும் சத்தத்தை உணரும், முடி போன்ற இழைகள் கொண்ட சுமார் 15,000 செல்கள் (முடி செல்கள்). இவை செத்தால் மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை. ஏதோ ஒரு சுருதிக்கான செல்கள் போய்விட்டால் அங்கிருந்து மூளைக்கு வரும் செய்தி குறைகிறது, மூளை தன் பங்குக்கு வால்யூமை ஏற்றுகிறது, ஏற்றினால் வெறும் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகிறது. பெரும்பாலான காது இரைச்சலுக்கு இப்போது சொல்லப்படும் விளக்கம் சுருக்கமாக இதுதான்.

1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் நன்றாகக் காது கேட்கிற 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்தபோது, 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். ஆக, சத்தம் எல்லோருக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறது. நம் மூளை அதைப் பிடித்துக்கொண்டு ‘ஆபத்து’ என்று சீல் குத்திவிட்டது, அதனால் விடாமல் கவனிக்கிறது, கவனிக்கக் கவனிக்கப் பெரிதாகிறது. இந்த ‘ஆபத்து’ முத்திரையை அழிப்பதுதான் உங்கள் வேலை. முத்திரை போனால் சத்தம் இருந்தும் பல மணி நேரம் நினைவுக்கே வராது. இதை எழுதத் தொடங்கும் வரைக்கும் எனக்கும் இன்று அது ஞாபகத்தில் இல்லை.

ராத்திரியைச் சமாளிப்பது

இரைச்சல்காரர்களுக்கு எதிரி ராத்திரி. வீடு அடங்கியதும் மூளைக்குக் கேட்க வேறொன்றும் இல்லை. அதனால் அறையில் ஏதாவது ஒரு மெல்லிய, அர்த்தமில்லாத சத்தத்தை ஓடவிடுங்கள். மின்விசிறி போதும். போதவில்லை என்றால் போனில் மழைச் சத்தம், அலைச் சத்தம் வைக்கலாம், ஆனால் இயர்போனில் வேண்டாம், போன் ஸ்பீக்கரிலேயே. இன்னும் மலிவான வழி பழைய எஃப்எம் ரேடியோ, எந்த ஸ்டேஷனும் வராத இடத்தில் முள்ளை நிறுத்தினால் ‘ஷ்ஷ்ஷ்’ என்று ஓசி இரைச்சல் கிடைக்கும்.

வால்யூம்தான் சூட்சுமம். பலரும் உள்சத்தம் காணாமல் போகும்வரை ஏற்றுகிறார்கள். அப்படிச் செய்யாமல், அதற்கு ஒரு படி கீழே வையுங்கள், இரண்டும் சேர்ந்து கேட்க வேண்டும். மறைத்துவிட்டால் மூளைக்கு அதைப் பொருட்படுத்தாமல் இருக்கப் பழக வாய்ப்பே இல்லை, ஜாஸ்ட்ரெபாஃப் என்பவர் வகுத்த டின்னிடஸ் மீள்பயிற்சி முறையில் இதைத்தான் சொல்கிறார்கள். நம் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு: நடு ராத்திரி கரண்ட் போகும், ஃபேன் நிற்கும், அந்த நொடியில் காதுக்குள் சத்தம் பொங்கிக்கொண்டு எழும், தூக்கம் போய்விடும். அதனால் பேட்டரியில் ஓடுகிற ஒன்றைத் தலைமாட்டில் வைத்திருங்கள், சார்ஜ் போட்டு.

காலையில் கண் விழித்ததும் ‘இருக்கிறதா, போய்விட்டதா’ என்று தேடிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். தேடினால் இருக்கும். இரவு 2 மணிக்குப் போனில் ‘டின்னிடஸ் குணமாகுமா’ என்று துழாவுவதையும்தான். நினைப்பும் பயமும் பிடித்து ஆட்டினால் மனநல உளவியலாளரிடம் போகத் தயங்காதீர்கள். சிபிடி என்கிற, பேசிப் பேசியே நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் சிகிச்சைக்குத்தான், இரைச்சல் தரும் அவதியைக் குறைப்பதில், இன்றைக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. சத்தத்தின் அளவை அது குறைக்காது, அது உங்களைப் படுத்துவதைக் குறைக்கும்.

ஆடியோகிராமில் கேள்விக் குறைவு இருந்தால் காது மிஷின் போடச் சொல்வார்கள். நாற்பது வயதில் காது மிஷினா என்று கூசாதீர்கள். வெளிச்சத்தம் போதுமான அளவு உள்ளே வந்தால் மூளை ஏற்றிவைத்த வால்யூம் தணிய வாய்ப்பு உண்டு, பலருக்கு இரைச்சலுக்கு முதல் நிம்மதியே அதில்தான் கிடைக்கிறது. வாங்குவதற்கு முன் சில நாள் போட்டுப் பார்க்கத் தருவார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பெரிய சத்தத்திலிருந்து காதைக் காப்பது

கணக்கு எளிது. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது தொழிலிடங்களுக்கு அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் சொல்லும் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது. 88-இல் 4 மணி நேரம், 91-இல் 2, 94-இல் 1, 100 வந்துவிட்டால் கால் மணி நேரம்தான். கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷன் மெல்லிசைக் குழுவின் ஸ்பீக்கருக்கு எதிர் வரிசை நாற்காலி இந்தக் கடைசி ரகம். போனில் டெசிபல் ஆப் போட்டுக்கொண்டால் துல்லியமாக இல்லாவிட்டாலும் ஒரு குத்துமதிப்பு கிடைக்கும். ஆப் இல்லாமலும் தெரியும்: ஒரு கை தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் உங்களுக்கு ஆகாது.

செலவே இல்லாத பாதுகாப்பு தூரம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும். ஊர்த் திருவிழாவில் கூம்பு ஸ்பீக்கர் எந்தத் திசையைப் பார்த்துக் கட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு அதற்குப் பின்பக்கம் நில்லுங்கள். மண்டபத்தில் முகூர்த்த நேரத்துக் கெட்டிமேளத்தை நாதஸ்வர மேடைக்குப் பக்கத்தில் நின்று கேட்காதீர்கள், தாலி கட்டுவது பந்தியோரத்துத் திரையில் இன்னும் தெளிவாகத் தெரியும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன, விழா நாட்கள் சிலவற்றுக்கு மாநில அரசு விலக்கு தரலாம் என்பதையும் சேர்த்தே சொல்கின்றன. விதியை நம்பி இயர்பிளக்கை (காதடைப்பானை) வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

வெடி தனி ரகம். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல் என்பது நம் நாட்டில் சட்டம் அனுமதிக்கிற உச்சம், அதாவது அனுமதிக்கப்பட்டதே அவ்வளவு. பெரிய சத்தம் வந்தால் நடுக்காதின் சின்னத் தசை சுருங்கிக் கொஞ்சம் காப்பாற்றப் பார்க்கும், ஆனால் வெடிச் சத்தம் அது சுருங்குவதற்குள் உள்ளே போய்விடும். தீபாவளியன்று தெருவில் இறங்குவதென்றால் இயர்பிளக்கை வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு இறங்குங்கள்.

மாட்டும் விதம் முக்கியம், ஏனென்றால் மெடிக்கலில் வாங்கும் ஃபோம் பிளக்கைப் பெரும்பாலானவர்கள் காது வாசலில் சும்மா ஒட்டவைத்துக்கொள்கிறார்கள். பெட்டியில் 32, 33 டெசிபல் குறையும் என்று போட்டிருக்கும், அப்படி ஒட்டவைத்தால் பாதி கூட வராது. கையைக் கழுவிக்கொண்டு, இரண்டு விரலுக்கு நடுவில் சுருக்கம் விழாமல் மெல்லிய திரி போல உருட்டுங்கள். இன்னொரு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள், வளைந்த துளை நேராகும். பிளக்கைச் சட்டென்று உள்ளே விட்டு, அது உப்பும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். சரியாக உட்கார்ந்தால் உங்கள் குரலே உங்களுக்குக் குடத்துக்குள்ளிருந்து வருவது போல் கேட்கும். பஞ்சு வைத்துக்கொள்வது மனத் திருப்திக்கு மட்டும்.

பாட்டுக் கச்சேரிக்கு ஃபோம் சரிப்படாது, மேல்சுருதியை அதிகம் தின்றுவிடுவதால் எல்லாம் கம்பளிக்குள் கேட்பது போலிருக்கும். இசைக்கலைஞர்களுக்கென்றே எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும் பிளக் விற்கிறது, விலை கூட, ஆனால் கச்சேரிக்குப் போகிறவர், வாசிக்கிறவர், மைக் செட் போடுகிறவர் என்றால் வாங்கலாம்.

ஹெட்போனை அடியோடு விட வேண்டியதில்லை. பஸ்ஸில் இன்ஜின் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும் என்று வால்யூமை ஏற்றுவதுதான் கெடுக்கிறது, வீட்டில் அதே பாட்டை எவ்வளவில் கேட்பீர்களோ அதைத் தாண்டாதீர்கள். போன் செட்டிங்கில் உச்ச வரம்பை வைக்க வழி இருக்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்றும் குழந்தைகளுக்கு 75 என்றும் வரம்பு சொல்கிறது.

ஆனால் காதை மூடியே வைத்திராதீர்கள்

எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தால் காதுக்குள் ஊசி குத்துகிறது, குக்கர் விசில் தாங்கவில்லை, குழந்தை கத்தினால் எழுந்து ஓடத் தோன்றுகிறது, இப்படி இரைச்சலோடு ஒலிக்கூச்சமும் சேர்ந்து வருவது சகஜம். உடனே நாம் செய்வது நாள் முழுக்கப் பிளக்கோடு திரிவது. அங்கேதான் வினை. 2003-இல் ஃபார்ம்பி குழுவினர் நல்ல காது உள்ளவர்களுக்கே இரண்டு வாரம் பிளக் போட்டுப் பார்த்தார்கள், முடிவில் அவர்களுக்குச் சத்தங்கள் முன்பைவிடப் பலமாகத் தோன்றின. மெல்லிய இரைச்சலைத் தொடர்ந்து கேட்டவர்களுக்கு நேர்மாறாக, சத்தத்தைத் தாங்கும் அளவு கூடியது.

அதனால் வீட்டில், அலுவலகத்தில், மளிகைக் கடையில் பிளக் வேண்டாம். மிக்ஸி ஒரு நிமிடம் ஓடினால் காது கெடாது, கூசினால் பக்கத்து அறைக்குப் போய்விட்டு வாருங்கள், அவ்வளவுதான். ஏற்கெனவே நாள் முழுக்கப் போட்டுப் பழகிவிட்டீர்கள் என்றால் ஒரேயடியாகக் கழற்றாமல், தினம் கொஞ்ச நேரம் மெல்லிய சத்தத்தை ஓடவிட்டுக்கொண்டு கழற்றி வைத்துப் பழகுங்கள். வலி கடுமையாக இருந்தால் ஆடியாலஜிஸ்ட் மேற்பார்வையில் செய்யுங்கள்.

காசு விஷயம்

ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரை, துத்தநாகம், மெலடோனின், ‘30 நாளில் இரைச்சல் காலி’ சொட்டு மருந்து. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அகாடமி 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஜிங்கோ, துத்தநாகம், மெலடோனின் போன்றவற்றை இதற்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே இருக்கிறது. பி12 குறைவு என்று ரத்தச் சோதனையில் வந்தால் பி12 சாப்பிடுங்கள், குறைவுக்காக. இவற்றுக்குப் போகும் காசில் ஒரு நல்ல காதடைப்பானும் இரண்டு உளவியல் அமர்வும் வந்துவிடும். பல்லைக் கடித்தாலோ கழுத்தைத் திருப்பினாலோ சத்தம் மாறுகிறது என்றால் மட்டும் பல் டாக்டரையும் பிசியோதெரபிஸ்டையும் பாருங்கள், தாடை மூட்டும் கழுத்துத் தசையும் பங்கெடுக்கும் ரகம் அது, அங்கே செலவு செய்வதில் அர்த்தம் இருக்கிறது.

கடைசியாக, திடீரென்று ஏறும் நாட்கள். தூக்கம் கெட்டால், சளி பிடித்தால், பயணம் போய் வந்தால், சில சமயம் காரணமே இல்லாமல் சத்தம் இரண்டு மடங்காகும். ‘மறுபடி முதலிலிருந்தா’ என்று இடிந்துபோவீர்கள். பெரும்பாலும் சில நாளில் பழைய அளவுக்கு வந்துவிடும். அந்த நாட்களில் புது மருந்து ஆரம்பிக்காதீர்கள், காதைச் சொடுக்கிச் சோதித்துக்கொண்டிருக்காதீர்கள், வழக்கமான வேலைகளைப் பாருங்கள், ராத்திரி ரேடியோவை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் போடுங்கள். கேள்வியே குறைந்தது போலிருந்தால் அது வேறு கதை, முதலில் சொன்னபடி அன்றைக்கே டாக்டர். சத்தமான வேலையில் இருப்பவர் என்றால் வருடத்துக்கு ஒரு முறை ஆடியோகிராம் எடுத்துப் பழைய காகிதத்தோடு வைத்துப் பாருங்கள், 4000 ஹெர்ட்ஸில் கோடு இறங்கியிருந்தால் இயர்பிளக்கை நீங்கள் மாட்டும் விதத்தையும் மாட்டும் நேரத்தையும் மாற்றியாக வேண்டும்.